தாய்மாமன் சபையில் சொன்னது

குமாசி நகரின் சுவாமே பகுதியில் பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கிற கடைகளுக்குக் கணக்கில்லை. அவற்றில் அஜேவாவின் கடை பெயர் எடுத்ததற்கு இரண்டு காரணங்கள். அங்கே கியர் பெட்டி வாங்கினால் மறுவாரம் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருக்காது என்பது ஒன்று. மற்றது அவளுடைய வாய். அடிமாட்டு விலைக்குக் கேட்கிற டிரைவரை அவள் திட்டத் தொடங்கினால் பக்கத்துக் கடைக்காரர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். புருஷனை அந்த வாயாலேயே விரட்டிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அவள் அதை மறுத்ததும் இல்லை.

முப்பத்தேழு வயது வரை அவளுடைய கோபமெல்லாம் இப்படித்தான் இருந்தது. காலையில் வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடும். போகாத கோபம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வந்தது, அவளுடைய அம்மா டூஃபியே செத்த பிறகுதான்.

டூஃபியே பெரிய சந்தையில் தக்காளி மொத்த வியாபாரி. பக்கவாதம் வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஒரே மகள் என்பதால் அஜேவாதான் எல்லாவற்றையும் பார்த்தாள். சவப்பெட்டி, பந்தல், மேளக்காரர்கள், வந்தவர்களுக்குச் சோறு, குடும்பத்துக்கே துக்கத்துக்கு உடுத்தும் சிவப்புக் கறுப்புத் துணி. சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நன்றி சொன்னார்கள். திங்கட்கிழமை தாய்வழிக் குலத்தார் எல்லாரும் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் குலத் தலைவர் அம்பொன்சா. டூஃபியேவின் தம்பி, அஜேவாவுக்குத் தாய்மாமன். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். தேவாலயத்தில் முன்வரிசை.

"அஜேவா, முன்பக்க ரெண்டு ரூமையும் இந்த மாசத்துக்குள்ள காலி பண்ணிடு. வாடகைக்கு விடறதா இருக்கோம்" என்றார்.

"எதுக்கு மாமா காலி பண்ணணும்? அது அம்மா இருந்த ரூம். இந்தக் குலத்துப் பொண்ணுங்க அத்தனை பேரும் இங்கதானே இருக்காங்க. எனக்கு மட்டும் என்ன?"

"சொன்னா கேட்டுக்க."

"கேக்க மாட்டேன். பாட்டி கட்டின வீடு இது. அவ பொண்ணுங்களுக்கும் பொண்ணு வயித்துப் பொண்ணுங்களுக்கும் இடம் உண்டு. குலத்தைப் பாத்துக்கத்தான் உங்களைத் தலைவரா உக்கார வெச்சிருக்கு, வாடகை வசூல் பண்ண இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் யாரும் சிரிக்கத் துணியாத மனிதர் அவர். முகம் இறுகியது.

"யாருக்குடி பாட்டி? உன்னைப் பெத்தவ யாருன்னு மொதல்ல தெரிஞ்சுக்கிட்டு வந்து உரிமை பேசு. என் அக்கா வயித்துல நீ பொறக்கல. எங்கேயோ கெடந்ததைத் தூக்கிட்டு வந்து வளர்த்தா. எங்க ரத்தம் ஒரு சொட்டு கெடையாது உன் ஒடம்புல."

ஒருவருடைய பூர்வீகத்தைச் சபையில் எடுத்துப் பேசக் கூடாது என்பது அசாந்தி மண்ணில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விதி. அடிமையாக வந்தவனோ, அகதியாக வந்தவளோ, வளர்த்து ஆளாக்கினால் நம்மவர். பிறகு அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. அந்த விதியைக் குலத் தலைவரே உடைத்துவிட்டார்.

அஜேவா சுற்றிலும் பார்த்தாள். 'என்ன உளறுகிறாய்' என்று யாராவது எழுந்து அவரை அதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருத்தரும் எழவில்லை. பெரியம்மா மடியில் கிடந்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். கூட வளர்ந்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள். பொய்யாக இருந்தால் அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்திருக்கும்.

"உங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள் அஜேவா. "எனக்கு மட்டும் தெரியாது. என் தலையைச் சீவி விட்டிருக்கீங்க, என் கல்யாணத்துல ஆடியிருக்கீங்க. ஒருத்திக்குக் கூடவா வாய் வரல?"

உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி முற்றத்துக்குக் குறுக்கே வீசினாள். அது சமையல்கட்டுச் சுவரில் பட்டுக் கால் உடைந்து விழுந்தது. அந்த வாரமே டாஃபோ பக்கம் ஓர் அறை பார்த்துக் குடிபோய்விட்டாள்.

அவளுடைய மகள் அப்ராஃபி தக்கோராடியில் செவிலியர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எப்படியோ சேதி அவளுக்கு எட்டிவிட்டது. போனில் அழுகையைக் கூட அடக்காமல் கேட்டாள்: "அம்மா, உனக்குக் குலம் இல்லைன்னா எனக்கும் இல்லைதானே? அப்போ நான் யாரு?"

"நீ என் பொண்ணு."

"அது தெரியும்மா. நீ யாரு?"

அஜேவா போனை வைத்துவிட்டு, கடையைத் திறந்துபோட்டது திறந்தபடி இருக்க, பெரிய சந்தைக்கு நடந்தாள்.

சந்தையில் தக்காளி வரிசையின் கோடியில் ஃப்ரேமா உட்கார்ந்திருப்பாள். டூஃபியேவுக்கு இளமையிலிருந்தே கூட்டாளி. அஜேவா அவளைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

"சித்தி, என்னைப் பெத்தவ யாரு?"

ஃப்ரேமா கூடையில் அழுகினதைப் பொறுக்குகிற கையை நிறுத்தவில்லை. "சத்தியம் வாங்கியிருக்காடி உங்கம்மா. பைபிள் மேல."

"செத்தவளுக்குப் பயப்படுறே. உயிரோட முன்னால நிக்கிறவளுக்குப் பயம் இல்லையா? சொல்லலேன்னா இந்தக் கூடை அத்தனையும் ரோட்டுல கெடக்கும்."

"செய்யக் கூடியவதான் நீ." ஃப்ரேமா பெருமூச்சு விட்டாள். "வந்து உக்காரு. கத்தாதே. வடக்கத்திப் பொண்ணு ஒருத்தி. சனாத்துன்னு பேரு. காடெல்லாம் எரிஞ்சு போச்சே, அந்தப் பட்டினி வருஷத்துல வந்தா. இங்கதான் சுமை தூக்கிட்டு இருந்தா. சின்னப் பொண்ணு. உங்கம்மா பாவப்பட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா. பெறகு வயிறு வந்துச்சு. உங்கம்மாவுக்குத்தான் பிள்ளை இல்லையே. ரெண்டு பேருமா கோகோ தோட்டத்துக்குப் போனாங்க. ரொம்ப நாள் கழிச்சு உங்கம்மா முதுகுல நீ இருந்தே."

"அவ?"

"அவளும் கொஞ்ச காலம் வீட்டுல இருந்தா. அப்புறம் இல்ல."

"என்ன 'அப்புறம் இல்ல'? புகையா போயிட்டாளா?"

"காராகா பக்கம்னு சொல்லுவா. அவ்வளவுதான் தெரியும்."

"அப்பன் யாரு?"

"அதை என்கிட்ட கேக்காதே. நான் என்ன அங்க வெளக்குப் புடிச்சுட்டு நின்னேனா?" என்றாள் ஃப்ரேமா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

திரும்பி வரும் வழியில் தலைச்சுமையோடு ஒரு வடக்கத்திப் பெண் அஜேவாவின் மேல் இடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓடினாள். மற்ற நாளாக இருந்தால் அஜேவா என்ன சொல்லியிருப்பாள் என்பது அவளுக்கே தெரியும். 'வடக்கத்திக் கழுதை, கண்ணு இல்லையா?' அந்த வார்த்தையை எத்தனை பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அந்தப் பெண் கூட்டத்தில் மறையும் வரை திரும்பி நின்று பார்த்தாள்.

வடக்கே போகிற லாரிகள் புறப்படும் பேட்டையில் பயறுச்சோறு விற்கிற கிழவி ஒருத்தி இருந்தாள். காராகாக்காரி. அஜேவா அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். கிழவி அகப்பையை ஆட்டிக்கொண்டே, "சனாத்துங்கிற பேர்ல எங்க ஊர்ப்பக்கம் கோழியை விட அதிகம் பேர் இருக்காங்க" என்றாள். "குமாசியில ஒரு பிள்ளையை விட்டுட்டு வந்தவ" என்றதும் அகப்பை நின்றது. "அப்படிச் சொல்லு. நாலோயிலி கிராமம். அலாசானோட தங்கச்சி. ஊருக்கே தெரியுமே. வருஷா வருஷம் ரம்ஜான் அன்னிக்கு அந்தப் பிள்ளை பேரைச் சொல்லி அழுவா."

ஊருக்கே தெரியும். இங்கே ஒரு வீட்டுக்கே தெரியும், அங்கே ஓர் ஊருக்கே தெரியும். அஜேவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜனவரிப் புழுதிக்காற்றில் பஸ் ஏறி தமலே போய், அங்கிருந்து ஆட்டோவில் நெரிந்து நாலோயிலிக்குப் போய்ச் சேர்ந்தபோது தலைமுடியெல்லாம் செம்மண். வழியெல்லாம் அவள் பெற்றவளிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'எப்படி மனசு வந்தது? நாய் கூடக் குட்டியை விட்டுவிட்டுப் போகாது.' அதில்தான் தொடங்குவதாக இருந்தாள்.

வட்ட வட்டமான மண் அறைகள் சூழ்ந்த முற்றத்தில் ஒரு பெண் குழம்பில் போடுகிற விதைகளைப் பெரிய பானையில் வேகவைத்து, தோல் போகத் தரையில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்காத வயது. மெலிந்த, முறுக்கேறிய உடம்பு. ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவளைப் பார்த்ததும் கால் நின்றது. யார் என்று கேட்கவில்லை. விதைக்கூழ் ஒட்டிய காலோடு பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"குமாசி?" என்றாள் சனாத்து.

"ஆமா."

"டூஃபியே வீடு?"

"ஆமா."

அவள் பேசியது சந்தைக்காரிகளிடம் கற்ற அசாந்திப் பேச்சு. பல வருஷம் பேசாமல் துருப்பிடித்திருந்தது. "உன் பேர் என்ன வெச்சாங்க?"

"அஜேவா."

"அது டூஃபியேவோட அம்மா பேர். நான் வெச்சது வும்பினி. கடவுள் குடுத்ததுன்னு அர்த்தம்." பிறகு சட்டென்று சீறினாள். "இத்தனை நாள் எங்கே போயிருந்தே?"

கேட்க வேண்டியவள் தான் என்று நினைத்துத்தான் அஜேவா வழியெல்லாம் வார்த்தை தயார் செய்துகொண்டு வந்தாள். அவள் வாய் திறப்பதற்கு முன்னால் சனாத்து கேட்டுவிட்டாள்!

"நானா? நீதானே என்னை விட்டுட்டு வந்தே!"

"நான் விடல." சனாத்து இரண்டு கையாலும் தன் மாரில் அறைந்தாள். "நான் விடல! நீ நடக்க ஆரம்பிச்ச நேரம். டூஃபியே சொன்னா, எங்கப்பாவுக்கு முடியலையாம், லாரிக்காரன் சேதி கொண்டாந்தான், போய்ப் பாத்துட்டு வா, ஊர்ல அம்மை போட்டிருக்கு, பிள்ளையை விட்டுட்டுப் போன்னு. வந்தேன். எங்கப்பா நல்லா இருக்காரு, வயல்ல நிக்கறாரு. ஓடினேன் திரும்பி. வாசக் கேட்டு பூட்டிக் கெடக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் டூஃபியே நிக்கறா. 'போ, உனக்கு இங்க ஒண்ணும் இல்ல'ங்கறா. உள்ள நீ அழற சத்தம் கேக்குது எனக்கு. என் பால் ஊறுது. ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. தெருவுல எல்லாரும் பாக்கறாங்க."

அஜேவா தோளில் இருந்த பையைக் கீழே வைத்தாள்.

"மூணு தடவை வந்தேன். மூணாவது தடவை அந்த வாத்தியார் வந்து, திருடின்னு சொல்லி சிப்பாயைக் கூப்பிடுவேன்னான். அப்போ சிப்பாய்ங்க ஆட்சி நடந்த காலம். அடிச்சா கேக்க ஆள் இல்ல. நான் வந்துட்டேன்."

அதற்குள் சனாத்துவின் அண்ணன் அலாசான் அங்கே வந்துவிட்டார். தாடி நரைத்த, அமைதியான மனிதர். இளமையில் தெற்கே கோகோத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர் என்பதால் அவருக்கும் அந்தப் பேச்சு வரும். வந்தவளைப் பாயில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இரவுக்குச் சோளக்களியும் குழம்பும் வந்தன. சாப்பிட்டதும் முறைப்படி பேசினார்.

"நீ வந்ததுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்மா. எப்ப வேணும்னாலும் வா, இது உன் வீடு மாதிரி. ஆனா எங்க வழக்கத்துல பிள்ளை தகப்பன் வீட்டைச் சேர்ந்தது. தகப்பன் யாருன்னு சனாத்து எங்களுக்குச் சொன்னதே இல்ல. அது தெரிஞ்சாத்தான் நீ எந்த வீடுன்னு சொல்ல முடியும்."

அஜேவா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு முற்றத்தில் படுத்திருந்த ஆடு எழுந்து நின்றது.

"அங்க பெத்தவ யாருன்னு கேட்டுத் தொரத்துறான். இங்க பெத்தவன் யாருன்னு கேக்கறீங்க. அவங்க கணக்குல நான் இங்க. உங்க கணக்குல நான் அங்க. நடுவுல லாரிலயா நான் குடியிருக்கறது?"

அலாசான் தலை குனிந்துகொண்டார். சனாத்து மட்டும் குனியவில்லை.

"அந்த வாத்தியார்தான்" என்றாள்.

"எந்த வாத்தியார்?"

"டூஃபியே தம்பி. அம்பொன்சா."

எங்கள் ரத்தம் ஒரு சொட்டு கிடையாது என்று சொன்ன வாய் அஜேவாவின் கண்ணுக்கு முன்னால் திறந்து திறந்து மூடியது. கடைசியில், "உன்கிட்ட கேட்டானா?" என்று கேட்டாள்.

"கேக்கல. நான் சமையக்கட்டுல படுப்பேன். கதவுக்குத் தாழ்ப்பாள் கெடையாது."

"அம்மாவுக்கு... டூஃபியேவுக்குத் தெரியுமா?"

"வயிறு தெரிஞ்சதும் சொன்னேன். அவனைத் தொடப்பக்கட்டையால அடிச்சா. என்னை ஒரு அடி அடிக்கல. கறியும் மீனுமா ஆக்கிப் போட்டா. பிரசவத்துல என் தலையை மடியில வெச்சுக்கிட்டா. அவ நல்லவதான்னு நெனச்சேன் நான்." சனாத்து வாசல் பக்கம் திரும்பித் துப்பினாள். "நல்லவதான் கேட்டைப் பூட்டினா."

அஜேவா வெளியே போய் இருட்டில் வேப்பமரத்தைக் கையால் குத்தினாள். விரல் முட்டி கிழிந்தது. அம்பொன்சாவை வெறுப்பது சுலபம், அதில் ஒரு சிரமமும் இல்லை. டூஃபியேவை என்ன செய்வது? காய்ச்சல் வந்தால் விடிய விடிய முதுகில் கட்டிக்கொண்டு நடந்தவள். இவள் முதல் கடை போட்டபோது தன் காதணியை விற்றவள். அந்தக் கையால்தான் பூட்டைப் போட்டிருக்கிறாள். சண்டை போடலாம் என்றால் அவள் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பும்போது அஜேவா தனியாக வரவில்லை. "கிளம்பு" என்றாள். சனாத்து, எங்கே என்று கேட்காமல், நல்ல துணி ஒன்றை எடுத்து மூட்டை கட்டினாள்.

குமாசியில் குலத்து வீடு இருந்த பேட்டைக்கு நியாயம் தீர்க்கிற தலைவியான அரசித்தாயிடம் வழக்கு வைப்பதற்கு மது பாட்டிலோடு போய் முறையிட வேண்டும். அஜேவா போனாள். என் பூர்வீகத்தைச் சபையில் எடுத்துப் பேசினார் என்பதுதான் முறையீடு. வீட்டைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குலத் தலைவர் மேலயே வழக்கா?" என்று பெரியம்மா ஓடி வந்தாள். "உள்ளுக்குள்ள பேசித் தீத்துக்கலாம்டி."

"உள்ளுக்குள்ள பேசத்தான் முப்பத்தேழு வருஷம் இருந்துச்சே. பேசினீங்களா?"

விசாரணை நாளன்று அரண்மனை முற்றம் நிரம்பியிருந்தது. அரசித்தாய் ஆசனத்தில் இருந்தாள். கோல் பிடித்த பேச்சாளர் பக்கத்தில் நின்றார். அவர் வழியாகத்தான் யாரும் பேச வேண்டும். அம்பொன்சா கறுப்புத் துணியைத் தோளில் சுற்றிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. சந்தையிலிருந்து ஃப்ரேமாவும் நிறையப் பெண்களும் வந்திருந்தார்கள்.

"பேச்சாளரே, தாய் கேக்கட்டும்" என்று தொடங்கினார் அம்பொன்சா. "நான் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல. அவ என் அக்கா பெத்த பிள்ளை கெடையாது. உண்மையைச் சொல்றது குத்தமா?"

அரசித்தாய் குரலை உயர்த்தவில்லை. "உண்மையா பொய்யான்னு இங்க யாரும் கேக்கல. சபையில சொன்னாரா இல்லையான்னு கேளுங்க."

"சொன்னேன்" என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

"அப்போ ஆடு வெட்டணும். மன்னிப்பும் கேக்கணும்."

கூட்டம் கலையத் தயாரானது. அஜேவா எழுந்து நின்றாள். "பேச்சாளரே, தாய்கிட்ட ஒண்ணு கேக்கணும். என் பூர்வீகத்தை நானே சொன்னா அது குத்தமா?"

அரசித்தாய் பேச்சாளரிடம் சொன்னாள்: "அவளோடது. அவ இஷ்டம்."

அஜேவா வாசல் பக்கம் கை காட்டினாள். சனாத்து உள்ளே வந்தாள். நல்ல துணி உடுத்தி, தலையில் முக்காடு போட்டிருந்தாள். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் நேராக அம்பொன்சாவின் முன்னால் போய் நின்றாள்.

"வாத்தியாரே, என்னைத் தெரியுதா?"

"யாரு இது?" என்றார் அவர் பேச்சாளரைப் பார்த்து.

"சுமைக்காரி சனாத்து. உங்க வீட்டு சமையக்கட்டுல படுத்தவ. உன் பிள்ளையைத்தான் நீ சபையில எங்கேயோ கெடந்ததுன்னு சொன்னே. எங்கேயும் கெடக்கல அது. என் வயித்துல கெடந்துச்சு. நீதான் போட்டே."

முற்றம் முழுக்கச் சத்தம். பேச்சாளர் கோலைத் தரையில் தட்டினார். அம்பொன்சா எழுந்து கத்தினார்: "பொய்! காசு குடுத்து யாரையோ கூட்டிட்டு வந்திருக்கா!"

"பொய்யா?" சனாத்து கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எடது தொடையில, மேலாக்க, வெந்நி கொட்டின தழும்பு. உள்ளங்கை அகலம். துணியைத் தூக்கச் சொல்லுங்க. பொய்யான்னு பாத்துடலாம்."

சந்தைப் பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். "தூக்குங்க வாத்தியாரே, நாங்க கண்ணை மூடிக்கறோம்!" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். அம்பொன்சா துணியை இறுக்கிப் பிடித்தார். அப்போது அவருடைய மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வெளியே நடந்துபோனாள். அதற்குப் பிறகு யாரும் துணியைத் தூக்கச் சொல்லவில்லை.

"அப்படியே இருந்தாலும்..." அம்பொன்சாவின் குரல் உடைந்து கிடந்தது. "தகப்பன் வழியா ரத்தம் வராது. ரத்தம் தாய் குடுக்கறது. தகப்பன் குடுக்கறது ஆவி மட்டும். நம்ம வழக்கம் அது. நான் சொன்னது வழக்கப்படி சரிதான்."

அப்போதுதான் அரசித்தாய் பேச்சாளரைத் தாண்டி நேராகப் பேசினாள். முறை தவறியதாக யாரும் சொல்லவில்லை. "வழக்கம்னு சொல்லாதே வாத்தியாரே. பிள்ளைக்குப் பேர் வெக்கிறதும் படிக்க வெக்கிறதும் செத்தா பெட்டி வாங்கிக் குடுக்கறதும் தகப்பனோட வழக்கம்தான். அதுல எதைச் செஞ்சே? அந்தப் பொண்ணுக்கு ஒரு ஆடு. பெத்தவளுக்குத் தனியா ஒரு ஆடு. ரெண்டு பேர்கிட்டயும் எல்லார் முன்னாலயும் மன்னிப்புக் கேக்கணும். இந்தப் பேட்டையில இனிமே எந்த வழக்குக்கும் நீ வந்து உக்காரக் கூடாது."

அஜேவாவிடம், "தகப்பன் பேரை ஏத்துக்கறியா?" என்று பேச்சாளர் கேட்டார்.

"வேண்டாம். எனக்கு ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கு. அதுல ஒண்ணு கூட அவர் வெச்சது இல்ல."

மன்னிப்புக் கேட்டார். பாடம் ஒப்பிப்பது போல் கேட்டார். அஜேவாவுக்கு அது போதவில்லை. அவர் காலில் விழுந்திருந்தாலும் போதாமல்தான் இருந்திருக்கும். ஆடுகளை வெட்டினார்கள். தன் பங்கு இறைச்சியைத் தொட மாட்டேன் என்று அஜேவா சொன்னபோது சனாத்து அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். "பைத்தியக்காரி! விட்டுட்டுப் போனா அவங்கதானே திம்பாங்க? எடு." இரண்டு தொடையையும் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு டாஃபோ வரைக்கும் நடந்தாள். மிளகாயும் கடலையும் அரைத்து விட்டுக் குழம்பு வைத்தாள். அஜேவா தட்டைத் தள்ளி வைத்தாள். சனாத்து எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. அதற்காகச் சாப்பிடுவதை நிறுத்தவில்லை.

குலத்துப் பெண்கள் சிலர் பிறகு டாஃபோவுக்கு வந்தார்கள். முறைப்படிச் சடங்கு செய்து உன்னையும் அப்ராஃபியையும் குலத்தில் சேர்த்துக்கொள்கிறோம், அம்பொன்சாவுக்குப் பதிலாக வந்த புதுத் தலைவர் சம்மதித்துவிட்டார் என்றார்கள். அஜேவா வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டாள். அப்ராஃபி அதற்காக அம்மாவிடம் சண்டை போட்டாள். "உன் கோவத்துக்கு என் குலத்தை ஏன்மா வேண்டாம்னு சொல்றே? எனக்கு வேணும்." அந்தச் சடங்கை அவள் தனியாகச் செய்துகொண்டாள். அஜேவா போகவில்லை. தடுக்கவும் இல்லை.

சனாத்து கொஞ்ச நாள் இருந்தாள். இருவருக்கும் ஒத்துப்போனது என்று சொல்ல முடியாது. கடையில் வந்து உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் அஜேவாவுக்கு முன்னால் சனாத்து பேரம் பேசுவாள். உப்புக் குறைவு, தூக்கம் அதிகம், தொழுகையே கிடையாது என்று குறை சொல்வாள். இருவரும் கத்திக்கொள்வதைக் கேட்ட பக்கத்துக் கடைக்காரர் ஒருவர், "அஜேவாவோட வாய் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். நிலக்கடலை விதைக்கிற பருவம் வந்ததும் சனாத்து ஊருக்குப் போய்விட்டாள். பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போன். அதிலும் சண்டைதான்.

டூஃபியேவின் வருஷ நினைவு நாள் நவம்பரில் வந்தது. போவதா வேண்டாமா என்று அஜேவா தவித்தாள். போனில் சனாத்துவிடம் சொன்னாள்.

"போ" என்றாள் சனாத்து. "போய்த் திட்டிட்டு வா. எனக்கும் சேத்து."

போனாள். குடும்பத்தாருக்குப் போட்ட நாற்காலியில் உட்காராமல் சந்தைப் பெண்களோடு ஃப்ரேமாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பந்தலின் நடுவில் டூஃபியேவின் பெரிய படம். சிரித்துக்கொண்டிருந்தாள். முறைப்படி மகள் எழுந்து இறந்தவளைக் கூப்பிட்டு ஒப்பாரி சொல்ல வேண்டிய நேரம் வந்தது. யாரும் அவளைக் கூப்பிடத் துணியவில்லை. அவளே எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, ஏம்மா பூட்டினே?" என்றாள். மேளம் நின்றது. "ஒரு பொண்ணு பாலோட வாசல்ல நின்னுச்சு. நீ பாத்தே. பிள்ளை வேணும்னு ஆசைப்பட்டே, சரி. அவளையும் வெச்சுக்கிட்டிருக்கலாமே! ரெண்டு அம்மா இருந்தா எனக்குக் கசக்குமா? உன் தம்பி மானத்துக்கு என்னைப் பெத்தவளைத் தெருவுல விட்டே. என்கிட்ட சொல்லாம செத்துட்டே. சண்டை போடக் கூட உன்னை விட்டு வெக்கலையே எனக்கு. நீ மோசக்காரி. நான் உன்னை விடமாட்டேன். எங்கே போனாலும் விடமாட்டேன்."

படத்தின் சட்டத்தைப் பிடித்து உலுக்கினாள். பெரியம்மா தடுக்க ஓடி வந்தபோது ஃப்ரேமா குறுக்கே நின்றாள். "விடு. மகள்தானே, திட்டட்டும்."

சாப்பாட்டுக்கு நிற்காமல் அஜேவா கிளம்பிவிட்டாள். தெருமுனைக்கு வந்ததும் சனாத்துவுக்குப் போன் செய்தாள்.

"திட்டினியா?"

"திட்டினேன்."

"நல்லா?"

"நல்லாத்தான். ஆனா தீரலம்மா."

"எனக்கும்தான் தீரல" என்றாள் சனாத்து. "சாப்பிட்டியா?"

"இல்ல."

"அது என்ன பழக்கம்? வயித்தைக் காயப் போட்டுட்டு என்னத்தைத் திட்டினே நீ?" என்று தொடங்கி அவள் நிறுத்தவே இல்லை. அஜேவா போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, டாஃபோவுக்குப் போகிற வண்டிக்குக் கை காட்டினாள்.